ஆடும் நாற்காலியின் கறை

சலவைக்கடையின் முன்பக்கத்தில் கண்ணாடிக் கதவு உண்டு, மின்விசிறி உண்டு, முதலாளியின் சிரிப்பு உண்டு. பின்பக்கத்தில் ஒரு நீள மேசையும் பெரியவளும்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் கறை இருந்தால் முதலாளி அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி உள்ளே தள்ளிவிடுவார். நூலைக் கண்டதும் பெரியவள் துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள், மூக்கருகே கொண்டுபோவாள், நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பாள்.

"இது டீ இல்ல, துரு. எங்கயோ கம்பி வேலியில மாட்டியிருக்கான்."

"இது மை. பேனாவை மூடாமலே பையில சொருகியிருக்கான். பொண்டாட்டி கூப்பிட்டிருப்பா போல."

இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் வீட்டில் அவள் பெரியவள். கடையில் அவளுக்குக் கறை அக்கா என்று பெயர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இந்த மேசைக்கு வந்தவள், இப்போது தலைமுடிக்குச் சாயம் பூசும் வயது. அந்த மேசையில் அவள் வகுத்துவைத்த சட்டங்கள் இரண்டு. எந்த மருந்தானாலும் முதலில் துணியின் மறைவான இடத்தில், மடிப்பின் உள்பக்கத்திலோ பின்பக்கத்திலோ தொட்டுப் பார்த்த பிறகுதான் முன்னால் கை வைக்க வேண்டும். அடுத்தது, கறை எடுத்த பழந்துணியை அன்றைக்கே வீசக்கூடாது. காயவிட்டு, மறுநாள் பார்த்து, என்னென்ன வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வாள்: "கறை எங்கயும் காணாமப் போறதில்ல. இந்தத் துணியில இருந்து அந்தத் துணிக்குப் போகுது, அவ்வளவுதான்."

ஊரார் துணியில் இருந்த கறையை எல்லாம் எடுத்தவளுக்குத் தன் நெஞ்சில் இருந்த ஒன்றை மட்டும் எடுக்க முடியவில்லை. அது அவளுடைய தங்கை.

தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். கெட்டவள் கிடையாது. அதுதான் பெரியவளுக்குப் பெரிய தொந்தரவு. கெட்டவளாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருக்கலாம். சின்னவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பேருந்தில் ஏறினால் யாராவது இடம் கொடுப்பார்கள். பொதுவாக அக்கா போட்டுக் கழித்த உடை தங்கைக்கு வரும். இந்த வீட்டில் அதுவும் தலைகீழ். சின்னவள் பதினைந்து வயதுக்குள் அக்காவைவிட ஒரு பிடி உயரமாக வளர்ந்துவிட்டாள். அதனால் அவளுக்குப் புதுத்துணி எடுப்பார்கள், அது அவளுக்குச் சிறிதானதும் அக்காவுக்கு வரும். கீழ்நோக்கிப் போகவேண்டிய பழைய துணி மேல்நோக்கி ஏறி வந்த அதிசயத்தை நினைத்தால் பெரியவளுக்கு இன்றைக்கும் காதில் புகை வரும்.

அதைவிடப் பெரிய புகை, நாற்காலி.

அவர்களுடைய தாத்தா ஒரு பெரிய தங்கும் விடுதியில் வாசல் காவலாளியாக இருந்தார். விடுதியை மூடியபோது மேலாளர் போகிற போக்கில் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆடும் நாற்காலி அது. கருத்த மரம். கைப்பிடியில் தொடங்கி முதுகு வரைக்கும் ஒரே கம்பாக வளைந்து, சுருண்டு, அடியில் இரண்டு வில் போல முடியும். தாத்தாவுக்குப் பிறகு அது அப்பாவுக்கு வந்தது. அப்பா தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். நாள் முழுக்க நின்றே வேலை. மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நாற்காலியில் விழுவார், சின்னவள் ஓடிப்போய் மடியில் விழுவாள். பெரியவள் பின்னால் நின்று நாற்காலியை ஆட்டிவிடுவாள்.

"அக்கா, வேகமா!" என்று முன்னாலிருந்து குரல் வரும்.

பெரியவளுக்கு அங்கிருந்து தெரிந்ததெல்லாம் அப்பாவின் உச்சந்தலையும் அது சாய்ந்திருந்த பலகையும்தான். தலைக்கு எண்ணெய் தடவாமல் அப்பா வெளியே கிளம்பியது கிடையாது. வருடக்கணக்கில் அந்த எண்ணெய் ஊறி, தலை சாயும் பலகையின் நடுவில் ஒரு தலையணை அளவுக்குக் கருப்பாகப் பளபளக்கும். ஈரத்துண்டையும் அவர் அதன் பின்பக்கமாகத்தான் தொங்கப் போடுவார். அதனால் பின்பக்கமும் தார் பூசினதுபோல இருக்கும்.

அப்பா கடைசியாகப் படுத்தபோது பார்த்துக்கொண்டவள் பெரியவள். துடைத்தாள், ஊட்டினாள், தூக்கி உட்காரவைத்தாள். சின்னவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு வந்துபோனாள். ஒரு மாலை இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார், "வீடு பெரியவளுக்கு. பீரோவும் அவளுக்கே. நாற்காலி சின்னவளுக்கு." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

யாரைக் கேட்டாலும் பெரியவளுக்குத்தான் அதிகம் என்பார்கள். இரண்டு அறை வீடு எங்கே, ஆடுகிற நாற்காலி எங்கே? அவளுடைய கணவர்கூட அப்படித்தான் சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஏறுவது, இறங்குவது என்றே பார்ப்பவர்.

"உனக்குக் கட்டடமே கிடைச்சிருக்கு. அவளுக்கு ஒரு சீட்டு. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"கட்டடத்துல ஆட முடியுமா?" என்றாள் பெரியவள்.



சின்னவள் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் தரைக்கல் வியாபாரி. அந்த வீடு முடியும்வரை நாற்காலி பெரியவள் வீட்டிலேயே கிடந்தது. கிடந்தது என்றால் சும்மா கிடந்தது. பெரியவள் அதில் உட்காரவில்லை. அடுத்தவள் சொத்தில் எதற்கு உட்கார வேண்டும் என்று அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கூட்டும்போது அதன் கீழே மட்டும் கூட்டாமல் விட்டாள். தூசு படிந்து அதன் அடியில் ஒரு நாற்காலி வடிவமே உண்டாகிவிட்டது.

ஒருநாள் சின்னவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அக்கா, சனிக்கெழம வீட்ல இருப்பியா? ஒருத்தரக் கூட்டிட்டு வரேன். பழைய சாமான் எல்லாம் பாத்து என்ன வெல போகும்னு சொல்றவர்."

"எதப் பாக்க?"

"நாற்காலியத்தான். புது ஹால்ல பழசு எதுக்குன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறாரு. நெசமாவே அந்தக் காலத்துப் பொருள்னா நடு ஹால்லயே போடலாம்ங்கறாரு. இல்லன்னா வேணாமாம்."

"ஓ" என்றாள் பெரியவள். தொலைபேசியை வைத்த பிறகும் அந்த 'ஓ' அவள் வாயிலேயே நின்றது.

சனிக்கிழமை வரைக்கும் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான். அந்த நாற்காலி ஒன்றுக்கும் உதவாததாக இருக்க வேண்டும். பளபளக்கும் கல்தரை, நடுவில் நாற்காலி, அதில் கன்னக்குழியோடு தங்கை, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் 'எங்க அப்பா எனக்குன்னு குடுத்தது' என்று சொல்லும் அழகு. இதை நினைத்தபடியே அவள் கடையில் ஒரு பட்டுச் சட்டையை அதிகம் தேய்த்துவிட்டாள். முதலாளி எட்டிப் பார்த்து, "கறை அக்கா, துணியும் சேந்து போயிடப்போகுது" என்றார்.

மதிப்பிட வந்தவர் ஒல்லியான மனிதர். பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் சின்னவளைப் பார்த்து, "இதுதானா மேடம்?" என்றார். தண்ணீர் கொண்டுவந்த பெரியவளைப் பார்த்து, "அங்க வச்சிருங்கம்மா" என்றார். மேடத்துக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஆறு வயதுதான் வித்தியாசம். பெரியவள் தம்ளரைச் சற்று ஓசையோடு வைத்தாள்.

அவர் நாற்காலியை ஒரு குழந்தையைப்போலத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் வெளிச்சம் அடித்தார். ஒரு வில்லின் மேல் விரலை ஓட்டி, தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்தார். திருகாணிகளின் தலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"நல்ல பழசு. அதுல சந்தேகமே இல்ல. மரத்தை அறுத்து ஒட்டல. நீராவியில வேகவச்சு வளைச்சிருக்காங்க. இந்தத் தேய்மானம் பொய் சொல்லாது, தலைமுறை தலைமுறையா ஆடியிருக்காங்க."

சின்னவள் கன்னத்தில் குழி விழுந்தது. பெரியவள் வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

"ஆனா" என்றார் அவர்.

பெரியவள் நிமிர்ந்தாள். அவள் வாழ்நாளில் கேட்ட மிக இனிமையான 'ஆனா' அது.

"இந்த மாதிரி செஞ்சதுல பேர் போன பட்டறை ஒண்ணு உண்டு. அவங்க முத்திரை குத்தாம எதையும் வெளிய விடமாட்டாங்க. பெரும்பாலும் சீட்டுக்கு அடியில இருக்கும். அவங்களப் பாத்து மத்தவங்க செஞ்சது ஆயிரக்கணக்குல இருக்கு. இங்க பாருங்க, பிரம்பு சீட்டை எடுத்துட்டு யாரோ பலகை அடிச்சிருக்காங்க."

"அப்பாதான் அடிச்சார்" என்றாள் சின்னவள்.

"அடியில முத்திரை இல்ல. சுத்திப் பாத்தேன், எங்கயும் இல்ல. அப்ப இது மத்தவங்க செஞ்ச நகல்தான் மேடம். வீட்டுக்கு அழகு. விக்கப் போனா ஒரு நல்ல புது நாற்காலி வாங்கற காசு கெடைக்கும்."

அவர் போன பிறகு சின்னவள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே நின்றாள். அவள் முகம் வாடியிருந்தது. பெரியவள் பாவமே என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டாள். உள்ளே மத்தளம்.

"என்னடி பண்றது, நம்ம நேரம்" என்றாள்.

"பரவால்லக்கா. அங்க இதுக்கு எடம் கெடைக்காது, அவர் ஒத்துக்கமாட்டார். நீயே வச்சுக்கோயேன்."

மத்தளம் நின்றது.

"நானா?"

"நீதான். உன் வீட்லயே இருக்கட்டும். உனக்கே உனக்கு. சரியா?" சின்னவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனாள்.

பெரியவள் நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது? தங்கை போட்டுப் பார்த்து, வேண்டாம் என்று கழித்த பிறகு மேலே ஏறி வந்தது. அந்தப் பழைய பாவாடைகள் வந்த அதே வழி.

"கெடைச்சிருச்சே, சந்தோஷமா?" என்று கேட்டார் கணவர்.

"கழிச்சது எல்லாம் எனக்குத்தானே" என்றாள். "வச்சுக்கறேன். ஆனா என் வீட்ல இருக்கறதுன்னா அழுக்கா இருக்கக்கூடாது."

அன்று மாலையே வாளி வந்தது, டர்பன்டைன் புட்டி வந்தது. அவளுடைய பழைய பருத்திப் புடவை ஒன்று கிழிந்து துண்டுகளானது. ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் கை தன் பழக்கத்தை விடவில்லை. மறைவான இடத்தில் முதலில். அவள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தலை சாயும் பலகையின் பின்பக்கத்தில், ஈரத்துண்டு தொங்கித் தொங்கித் தார் பிடித்த இடத்தில், துணியை வைத்து ஒற்றினாள். துணி பழுப்பாகியது. திருப்பி ஒற்றினாள். கருப்பானது. அந்தக் கருப்புக்கு அடியில் ஏதோ வளைவாக ஒரு கோடு.

கீறல் என்று நினைத்தாள். இன்னும் ஒற்றினாள். கோடு வட்டமானது. வட்டத்துக்குள் சிறகு விரித்த ஒரு பறவை. பறவையைச் சுற்றி, மரத்தில் சுட்டுப் பதித்த எழுத்துகள்.

"ஏங்க, இங்க வாங்க."

"என்ன, உடைஞ்சிருச்சா?"

"வாங்கன்னா வாங்க. உங்க போன எடுத்துட்டு வாங்க."

படம் எடுத்து, மதிப்பிட்டவர் விட்டுப்போயிருந்த அட்டையில் இருந்த எண்ணுக்கு அனுப்பினார்கள். அவர் உடனே கூப்பிட்டார். அவரது குரல் ஏறி இறங்கியது.

"இது எங்க இருந்துச்சு?"

"பின்னாடி. அழுக்குக்கு அடியில."

"பின்பக்கமா! எனக்குத் தோணவே இல்ல. டார்ச் அடிச்சேன், ஒரே கருப்பு. அம்மா, நான் சொன்னதத் தூக்கிக் குப்பையில போடுங்க. இது அந்தப் பட்டறையோட வேலைதான்." பிறகு அவர் ஒரு தொகை சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏற்றி இறக்கிய எந்த லிஃப்டும் அந்த உயரத்துக்குப் போனதில்லை.

"ஒண்ணு மட்டும்" என்றார் மதிப்பிட்டவர் போனை வைக்கும் முன்னால். "முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், அந்தப் பழசுக்கும் சேத்துத்தான் வெல. இனிமே எதையும் தொடைக்காதீங்க."

இந்தக் கடைசி வார்த்தைகள் பெரியவள் காதில் விழவில்லை. அவள் ஏற்கெனவே நாற்காலியை முன்பக்கம் திருப்பிவிட்டாள். பின்னால் ஒன்று இருந்தால் முன்னாலும் ஒன்று இருக்கும் என்று அவள் மனம் ஓடியது. துணி போக, அடுத்த துணி வந்தது. தலையணை அளவுக்கு இருந்த கருப்பு தட்டு அளவாகி, உள்ளங்கை அளவாகி, ஒன்றுமில்லாமல் போனது. கீழே வெளிறிய மரம். பறவையும் இல்லை, எழுத்தும் இல்லை. பரவாயில்லை, ஒன்று போதும்.

தொகையைக் கேட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்ட கணவர் ஓடிவந்து சொன்னபோது வேலை முடிந்திருந்தது. மறுபடி போன் போட்டுக் கேட்டார்கள். அந்த மனிதர் எவ்வளவு தூரம் துடைத்தார்கள் என்று விசாரித்தார். "சரி விடுங்க, முத்திரை காப்பாத்திடும்" என்றார் பிறகு. "கொஞ்சம் கொறையும். பரவால்ல."

அன்றிரவு சாப்பிடும்போது கணவர் சொன்னார், "இத பாரு. உன் தங்கச்சி தன் வாயால குடுத்துட்டா. நீயும் வாய மூடிட்டு இரு. விக்கறதா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"ம்."

"என்ன ம்?"

"ஒண்ணுமில்ல."

வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். கடையில் நான்கு சட்டைகளில் கறை எடுத்தாள், யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. முதலாளி காய்ச்சலா என்று கேட்டார். விஷயம் இதுதான்: அவள் ஜெயித்துவிட்டாள், ஆனால் தோற்றவளுக்கு அது தெரியாது. எதிரே ஆளில்லாமல் கேரம் ஆடிச் சிவப்புக் காயைப் போட்டு என்ன பயன்? சின்னவள் அங்கே கல்தரையில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்துகொண்டிருப்பாள். அவள் வயிற்றில் ஒரே ஒரு நாளாவது அந்த அடுப்பு எரிய வேண்டாமா? சொன்னால் அவள் திரும்பக் கேட்கலாம். அப்பா அவளுக்குத்தான் கொடுத்தார், கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வராது. எல்லாம் தெரிந்தும் பெரியவள் தொலைபேசியை எடுத்தாள்.

"சின்னவளே, வீட்டுக்கு வாயேன். ஒண்ணு காட்டணும்."

"என்னக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நல்லா இருக்கேன். வா."

சின்னவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பெரியவள் நாற்காலியை நடு அறையில் முதுகுப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருந்தாள். கணவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? முத்திரை. அந்தப் பட்டறையோடதேதான். அவரே சொல்லிட்டார்." தொகையையும் சொன்னாள். ஒரு முறை சொல்லி, நன்றாகக் கேட்டிருக்குமோ இல்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

சொல்லிவிட்டுத் தங்கையின் முகத்தையே பார்த்தாள். கறை பார்க்கும் கண்ணால் பார்த்தாள். எங்காவது கண் ஓரத்தில், உதட்டு ஓரத்தில், ஒரு சின்னப் புள்ளியாவது தெரிகிறதா என்று.

"அய்யோ அக்கா!" என்றாள் சின்னவள். அவள் கன்னத்தில் குழி விழுந்தது. "எவ்வளவு நல்லதாப் போச்சு! மாமா, இனிமேலாவது அக்காவுக்கு முட்டிவலிக்கு நல்ல டாக்டராப் பாருங்க. நின்னுக்கிட்டே சாகறா அந்தக் கடையில."

"உனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள் பெரியவள்.

"எனக்கு என்ன? நான்தான் உன்கிட்ட குடுத்துட்டேனே."

பொறாமையில் எரிகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பெரியவளுக்குத் தங்கையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு தடவை பொறாமைப்படேன்டி.

சின்னவள் முத்திரையை விரலால் தொட்டுவிட்டு, நாற்காலியைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். உட்காரப் போனவள் அப்படியே நின்றாள். அவள் கை தலை சாயும் பலகையின் நடுவில், அந்த வெளிறிய இடத்தில் போய் நின்றது.

"அப்பா தலை எங்க?"

பெரியவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா. அப்பா தலை இங்கதான இருந்துச்சு. கருப்பா."

"அது எண்ணெய்க் கறைடி. அழுக்கு. தொடைச்சேன்."

சின்னவள் கன்னத்தில் குழி இல்லை. "எங்க வீட்டுக்குக் கொண்டுபோனா அவர் முதல் வேலையா பாலிஷ் போட்டுடுவார். அதுக்குத்தான் வேணாம்னு உன்கிட்ட விட்டேன். வெல போகாதுன்னு அந்த ஆள் சொன்னதும், விட்டுட்டுப் போறது கஷ்டமா இருந்தாலும், எனக்கு நல்லதாப்போச்சுன்னுதான் இருந்துச்சு. ஊர்ல எல்லார் கறையையும் எடுக்கறவ, அப்பாவோடத மட்டும் நீ விட்டுடுவன்னு நெனச்சேன்."

"நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணுமாக்கா? நீதான கூடவே இருந்த? எனக்குக் கெடைச்சதெல்லாம் ஞாயித்துக்கெழமதான். உனக்குக் கெடைச்ச அப்பா எனக்குக் கெடைக்கலையேன்னு எத்தன நாள்..." கைப்பிடியில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் இத்தனை வருடம் தேடிய புள்ளி அதோ, தங்கையின் முகத்தில் இருந்தது. பார்த்ததும் அவளுக்கு ஜெயித்ததுபோலவே இல்லை.

"தொடைச்ச துணி எங்க?" என்றாள் சின்னவள் திடீரென்று.

"என்னது?"

"தொடைச்ச துணி. தூக்கிப் போட்டுட்டியா?"

பெரியவள் கொல்லைப்பக்கம் கைகாட்டினாள். கறை எடுத்த துணியை அன்றைக்கே வீசுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கம்பியில் அந்தப் புடவைத் துண்டுகள் காய்ந்து தொங்கின. சின்னவள் போய் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். முதல் இரண்டில் டர்பன்டைன் நெடிதான். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். பிறகு அதை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"இத நான் எடுத்துக்கறேன்."

"கரித்துணிடி அது. குடு, நல்ல துணி ஏதாவது தரேன்."

"நாற்காலி உனக்கு. இது எனக்கு" என்று சொல்லிச் சின்னவள் அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குத் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். வாசலில் அக்காவின் தோளைத் தொட்டாள். "முட்டிக்கு டாக்டரப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு பெரியவள் கம்பியில் மிச்சம் இருந்த துண்டுகளை எடுத்து முகர்ந்தாள். எல்லாவற்றிலும் டர்பன்டைன். அப்பாவின் தலை இருந்தது அந்த ஒன்றில்தான். தங்கைக்கு எப்போதும் நல்லதைப் பொறுக்கத் தெரியும்.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் முறையாக உட்கார்ந்தாள். பின்னால் தலையைச் சாய்த்தாள். பலகை சில்லென்று இருந்தது. சின்ன வயதில் பின்னால் நின்று ஆட்டியபோது அப்பாவின் முகம் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. மடியில் இருந்தவள் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவள் பார்த்தது அந்தத் தலையையும் அந்தக் கருப்பையும்தான். அவள் பங்குக்கு வந்த அப்பா அவ்வளவே. அதைத் தன் கையாலேயே ஒற்றி எடுத்து, காயவைத்து, தங்கையின் கைப்பையில் போட்டு அனுப்பிவிட்டாள்.

"என்ன யோசன?" என்றார் கணவர். "வித்துடலாமா?"

"அது என் புடவைதானே?" என்றாள் பெரியவள்.

"எது?"

"அந்தத் துணி. என் புடவையக் கிழிச்சதுதானே. பச்சைக் கரை போட்டது. என்னுதுதான அது?"

அவர் நாற்காலியின் பின்னால் போய் நின்று மெதுவாக ஆட்டிவிட்டார். ஒரு தரம் ஆடியதும் அவள் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"போன எடுங்க."

மணி அடித்தது. சின்னவள் ஆட்டோவில் இருந்தாள்போல, பின்னால் ஒரே இரைச்சல்.

"என்னக்கா?"

"அதத் துவைச்சுடாதடி."

"நான் ஏன் துவைக்கப் போறேன்? துவைக்கறது நீதான்."

"பீரோவுல வைக்காத, பாச்சை உருண்டை வாசம் ஏறிடும். பிளாஸ்டிக் பையிலயும் வேணாம். ஒரு தகர டப்பாவுல வை. மூடி இறுக்கமா இருக்கணும்."

"சரி."

"எங்க வைப்ப? ஹால்லயா?"

"இன்னும் வீட்டுக்கே போகலக்கா."

பெரியவள் கொஞ்ச நேரம் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டோவில், அந்தக் கைப்பையின் உள்ளறையில், எட்டாக மடிந்து அப்பா போய்க்கொண்டிருந்தார், சின்னவள் மடியில்.

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றாள். "பழம் வாங்கிட்டு வரேன். எடுத்து வெளிய வை."